ஃப்ளோபேரின் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகர் கூட்டங்களில் 'மதாம் பொவாரி' நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே பேச்சு அதை எழுதிய குஸ்தாவ் ஃப்ளோபேரின் கடிதங்கள் பக்கம் திரும்பிவிடும். அப்புறம் எந்தக் கூட்டமானாலும் அதே சந்தேகங்கள்தான் வரும். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நாவலைப் படிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

முதல்ல, யார் இந்த ஃப்ளோபேர்? நாவலை விட்டுட்டு அவர் கடிதத்தை எதுக்குப் படிக்கணும்?

1821 டிசம்பர் 12 அன்று பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில் உள்ள ரூவான் நகரத்தில் பிறந்தவர். அப்பா அந்த ஊர்ப் பெரிய மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர். பாரீஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, 1844 ஜனவரியில் வலிப்பு போன்ற ஒரு நோய் தாக்கியது. படிப்பை விட்டுவிட்டு, ரூவானை அடுத்து செய்ன் ஆற்றங்கரையில் இருக்கும் க்ருவாசே என்ற இடத்தில், குடும்ப வீட்டிலேயே தங்கிவிட்டார். 1880 மே 8 அன்று இறந்ததும் அங்கேதான்.

நாவலில் ஆசிரியன் தலைகாட்டக் கூடாது என்பது அவருடைய பிடிவாதமான கொள்கை. பிரபஞ்சத்தில் கடவுள் இருப்பதுபோல, எங்கும் இருக்க வேண்டும், எங்கும் கண்ணில் படக் கூடாது என்று 1852 டிசம்பரில் எழுதினார். எழுதிய இடம் ஒரு கடிதம். நாவலிலிருந்து தன்னை அப்படித் துடைத்து எடுத்த மனிதர், கடிதத்தில் எதையும் அடக்கி வைக்கவில்லை. கோபம், பசி, கெட்ட வார்த்தை, அழுகை, கடன், பல் வலி எல்லாம் அங்கே இருக்கின்றன. நாவல்களைப் புரிந்துகொள்ள உதவும் துணைநூலாக இவற்றைப் பார்ப்பது பத்தாது. என்னைக் கேட்டால் அவருடைய பெரிய படைப்புகளில் இதுவும் ஒன்று.

மொத்தம் எத்தனை கடிதம் இருக்கு?

கிடைத்தவை ஏறக்குறைய நான்கரை ஆயிரம். சிறுவயதில் பள்ளித் தோழனுக்கு எழுதியதில் தொடங்கி இறந்த வாரம் வரை நீள்கிறது. தொலைந்ததும் எரிந்ததும் தனிக் கணக்கு. அதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டை விட்டே வெளிய போகாதவர்னு சொல்றாங்க. அப்படிப்பட்டவருக்கு எழுத என்னதான் இருந்தது?

வெளியே போகாதவர் என்பது மிகை. 1849 கடைசியில் நண்பர் மாக்சிம் து காமுடன் எகிப்து, பாலஸ்தீனம், கிரேக்கம் என்று கிளம்பி 1851இல்தான் திரும்பினார். பிற்காலத்தில் பாரீஸில் வாடகை வீடு எடுத்து ஆண்டில் சில மாதங்கள் இருந்தார். ஆனால் நாவல் எழுதும் மாதங்களில் க்ருவாசேதான், அதுவும் ஒரே அறைதான்.

அந்த ஒற்றை அறையிலிருந்து எழுத அவருக்கு விஷயம் தீர்ந்ததே இல்லை. 1853 ஜூலையில் ரூவான் பக்கம் பயங்கரமான ஆலங்கட்டி மழை. தோட்டத்தில் பழமரங்கள் நாசம், பூச்செடிகள் துண்டு துண்டு, காய்கறிப் பாத்தி தலைகீழ். அதைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது என்று லூயிஸ் கொலே என்ற கவிஞருக்கு எழுதுகிறார். மனிதர்கள் வரிசைகட்டி ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததை இயற்கை ஐந்து நிமிடத்தில் கலைத்துப் போட்டதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி. அழிந்தது அவர் வீட்டுத் தோட்டம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒரு மழையிலிருந்து இவ்வளவு தூரம் போகத் தெரிந்தவருக்கு ஊர் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை.

எப்போ எழுதுவார்? நாவலுக்கு நடுவுலயா?

நாவல் வேலை முடிந்த பிறகு, பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி. பல கடிதங்களின் தலையில் 'புதன், நள்ளிரவு', 'சனி இரவு, மணி 1' என்பதுபோல் மட்டும் இருக்கும். மேசையில் தவளை உருவத்தில் ஒரு மைக்கூடு. அது இன்றும் இருக்கிறது. இரும்பு முனைப் பேனா அவருக்கு ஆகாது, வாத்து இறகுதான். தன்னைப் பேனா மனிதன் என்றே ஒரு கடிதத்தில் சொல்லிக்கொள்கிறார்.

பகலில் ஒரு வாக்கியத்தை நாலைந்து முறை அடித்துத் திருத்தி, சத்தமாக வாசித்துப் பார்த்து, மறுபடியும் அடிக்கிற ஆள் இவர். ஒரு பக்கத்துக்கு ஐந்து நாள் ஆனது என்று 1853 ஜனவரியில் புலம்புகிறார். அதே கை இரவில் நான்கு பக்கம், எட்டு பக்கம் என்று கடிதத்தை ஒரே மூச்சில் எழுதித் தள்ளியது. கடித நடையின் வேகத்துக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பகல் முழுக்க இறுக்கிப் பிடித்திருந்த கயிறு இரவில் விடுபட்டுவிடுகிறது.

அந்தக் காலத்துல தபால் எப்படிப் போச்சு? ரொம்ப நாள் ஆகுமோ?

ஆகாது. பாரீஸிலிருந்து ரூவானுக்கு 1843இலேயே ரயில் வந்துவிட்டது. பாரீஸுக்குப் போட்ட கடிதம் பெரும்பாலும் மறுநாள் கையில் கிடைத்தது. ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல, அதற்குள் முதலாமவர் அடுத்ததை எழுத என்று கடிதங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது அதனால்தான்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பழைய வழக்கப்படி தூரத்தைப் பார்த்துக் கட்டணம், அதையும் பெரும்பாலும் கடிதம் பெறுகிறவர்தான் கட்டுவார். 1849 ஜனவரி 1 முதல் பிரான்ஸில் தபால்தலை வந்தது. நாட்டுக்குள் எங்கே போனாலும் சாதாரணக் கடிதத்துக்கு 20 சாந்தீம் (நூறு சாந்தீம் ஒரு ஃபிராங்க்). ஆக அவருடைய ஆரம்பகாலக் கடிதங்கள் எல்லாம் தபால்தலைக்கு முந்தியவை.

லூயிஸ் கொலே யாரு? அந்தக் கடிதங்கள் வெறும் காதல் கடிதம்தானே?

1810இல் பிறந்த கவிஞர். பிரெஞ்சு அகாதமியின் கவிதைப் பரிசை நான்கு முறை வாங்கியவர். திருமணமானவர், ஒரு மகள் உண்டு. 1846 கோடையில் சிற்பி ப்ராதியேயின் கூடத்தில் ஃப்ளோபேர் அவரைச் சந்தித்தார். அவருக்கு 24 வயது, லூயிஸுக்கு அவரைவிடப் பதினோரு வயது கூட. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் ஃப்ளோபேர் அப்பாவையும் தங்கையையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்திருந்தார். வீட்டில் அம்மாவும், தங்கை விட்டுப்போன கைக்குழந்தையும். அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க, லூயிஸின் கடிதங்கள் முதலில் நண்பர் து காம் வழியாகத்தான் வந்தன.

முதல் சில மாதங்கள் காதல் கடிதங்கள்தான், மறுக்கவில்லை. லூயிஸ் பாரீஸில், இவர் க்ருவாசேயில். இடையிலுள்ள மாந்த் என்ற ஊரில் எப்போதாவது சந்திப்பார்கள். இவர் ஏன் அடிக்கடி வருவதில்லை, அம்மாவுக்கு ஏன் அறிமுகம் செய்து வைப்பதில்லை என்று லூயிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விகள். இவர் எட்டுப் பக்கத்துக்குப் பதில் எழுதுவார், ஆனால் வரமாட்டார். 1848இல் முறிந்தது. 1851இல் மறுபடியும் தொடங்கியது.

இரண்டாவது சுற்றுதான் பொக்கிஷம். அதே 1851 செப்டம்பரில் 'மதாம் பொவாரி'யை எழுத ஆரம்பித்திருந்தார். காதலைவிடப் பட்டறைப் பேச்சே அதிகமாக வருகிறது. லூயிஸின் கவிதைகளை வரி வரியாக எடுத்து இந்தச் சொல் வேண்டாம், இந்த உவமை பழசு என்று திருத்தி அனுப்புகிறார். தன் நாவலில் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்கிறார். இருநூறுக்கும் மேற்பட்ட இந்தக் கடிதங்களை வெறும் காதல் கடிதம் என்று ஒதுக்குகிறவர் பாதியைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நாவல் எப்படி உருவாச்சுன்னு அந்தக் கடிதங்கள்ல நிஜமாவே தெரியுமா? ஒரு உதாரணம் சொல்லுங்க.

1853 டிசம்பர் 23, இரவு 2 மணி. நாவலின் நாயகி எம்மா பொவாரி தன் காதலனோடு குதிரையில் காட்டுக்குள் போகும் காட்சியை எழுதிக்கொண்டிருந்த நாள். பிற்பகல் 2 மணியிலிருந்து எழுதுகிறேன், நடுவில் சாப்பிட ஒரு 25 நிமிடம் மட்டும்தான் எழுந்தேன், தலையில் இரும்புக் கவசம் வைத்தது போலிருக்கிறது என்று தொடங்குகிறார். மாலையில் கதாபாத்திரத்துக்கு வரும் நரம்புத் தளர்ச்சியை எழுதும்போது தனக்கே அது வந்துவிடுமோ என்று பயந்து, மேசையை விட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தாராம்.

அதற்கப்புறம்தான் புகழ்பெற்ற அந்தப் பகுதி. எழுதும்போது தான் தானாக இல்லாமல் போவதைச் சொல்கிறார். இன்றைக்கு நான் ஆணாகவும் பெண்ணாகவும் சேர்ந்தே இருந்தேன், குதிரைகளாக, இலைகளாக, காற்றாக, அவர்கள் பேசிய சொற்களாக, அவர்கள் கண்ணைப் பாதி மூட வைத்த சிவந்த வெயிலாகவும் இருந்தேன் என்கிறார். நாவலைத் திறந்தால் அந்தக் காட்சி நிதானமாக, குளிர்ந்த கையால் எழுதியது போல் இருக்கும். அதன் பின்னால் இருந்த சூடு இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

'மதாம் பொவாரி நான்தான்'னு எழுதினாரே, அது எந்தக் கடிதத்துல இருக்கு?

எந்தக் கடிதத்திலும் இல்லை. அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒருவரிடம் அவர் வாய்மொழியாகச் சொன்னதாக, இன்னொருவர் வழியாகக் கேள்விப்பட்டு, 1909இல் ஓர் ஆய்வாளர் அச்சில் போட்டார். ஃப்ளோபேர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து வந்த செய்தி அது.

கையெழுத்தில் இருப்பது இதற்கு நேர்மாறு. மாரி சோஃபி லெருவாயே த ஷாந்தப்பி என்ற வாசகிக்கு 1857 மார்ச் 18 அன்று எழுதும்போது, கதை முழுக்கக் கற்பனை, என் உணர்ச்சிகளையோ என் வாழ்க்கையையோ அதில் வைக்கவில்லை என்கிறார். இதையும் முந்தைய பதிலில் சொன்ன டிசம்பர் கடிதத்தையும் சேர்த்துப் படித்தால் முரண் இல்லை என்பது தெரியும். தன் கதையை எம்மாவுக்குக் கொடுக்கவில்லை. எழுதிய நேரத்தில் அவளாக இருந்தார்.

இந்த வாசகி யாரு? நேர்ல பார்த்தாங்களா?

ஒருமுறைகூட இல்லை. ஆன்ஷே நகரத்தில் வாழ்ந்தவர், ஃப்ளோபேரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். 'மதாம் பொவாரி' பத்திரிகையில் தொடராக வந்ததைப் படித்துவிட்டு, 1856 டிசம்பரில் முன்பின் தெரியாத ஆசிரியருக்கு எழுதினார். தீராத மனச்சோர்வும், பாவமன்னிப்புக் கேட்கவே முடியாத அளவுக்கு மதம் சார்ந்த பயங்களும் அவருக்கு இருந்தன.

ஃப்ளோபேர் பொறுமையாகப் பதில் எழுதினார், அதுவும் பல ஆண்டுகள். மோந்தேனை (பழைய பிரெஞ்சுக் கட்டுரையாசிரியர்) படியுங்கள், மெதுவாகப் படியுங்கள், மனம் அமைதிப்படும் என்று 1857இல் ஒரு கடிதம். குழந்தைகள் மாதிரி பொழுதுபோக்கவும் படிக்காதீர்கள், பேராசைக்காரர்கள் மாதிரி கற்றுக்கொள்ளவும் படிக்காதீர்கள், வாழ்வதற்காகப் படியுங்கள் என்று சொன்னதும் இவரிடம்தான். மேற்கோள் அட்டைகளில் அந்த ஒரு வரி மட்டும் தனியாகச் சுற்றுகிறது. நோயில் தவித்த ஒருவருக்கு எழுதிய ஆறுதல் என்பது தெரிந்தால் அதற்கு வேறொரு எடை வருகிறது.

ஜார்ஜ் சாண்டும் இவரும் எல்லா விஷயத்துலயும் நேரெதிர். எப்படி நண்பர்களானாங்க?

நேரெதிர் என்பது உண்மை. சாண்ட் 1804இல் பிறந்த நாவலாசிரியை, வேகமாக எழுதுவார், மனிதர்கள் மேல் நம்பிக்கை, பேரப்பிள்ளைகள், தோட்டம், பொம்மலாட்டம் என்று நோஆன் கிராமத்தில் நிறைவாக வாழ்ந்தவர். இவர் தனிக்கட்டை, உலகத்தின் மேல் சதா கோபம். சாண்ட் இவரை 'நீ' என்றுதான் எழுதினார். இவர் கடைசிவரை 'நீங்கள்' என்றே எழுதினார். அந்த மரியாதை வெறும் சம்பிரதாயம் இல்லை என்பது கடிதங்களைப் படித்தால் புரியும்.

சண்டையும் நடந்தது, அதுவும் இலக்கியச் சண்டை. 1875 டிசம்பரில் சாண்ட் எழுதினார்: நீ வாசகரைச் சோகத்தில் ஆழ்த்துவாய், நான் ஆறுதல் சொல்வேன். உன் மனதில் இருப்பதைக் கதையில் ஏன் மறைக்கிறாய் என்றும் கேட்டார். இவர் தன் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு எழுதிய 'எளிய உள்ளம்' என்ற கதையை, ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதையை, சாண்டைச் சந்தோஷப்படுத்தவே தொடங்கினேன் என்று பின்னால் சாண்டின் மகனுக்கு எழுதினார். பாதி எழுதிக்கொண்டிருந்தபோது, 1876 ஜூன் 8 அன்று, சாண்ட் இறந்துவிட்டார். அடக்கத்தில் கன்றுக்குட்டி மாதிரி அழுதேன், அதுவும் இரண்டு முறை என்று ருஷ்ய எழுத்தாளர் துர்கனேவுக்கு எழுதினார்.

சாண்ட், ஃப்ளோபேர் கடிதங்களில் இரண்டு தரப்பும் பெருமளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். லூயிஸ் விஷயத்தில் அந்த வாய்ப்பு நமக்கு இல்லை.

நாவலுக்குத் தகவல் திரட்டவும் கடிதம் எழுதினாராமே?

நண்பர்களைப் படுத்தி எடுத்துவிட்டார். 'உணர்ச்சிக் கல்வி' நாவலுக்காக, 1847இல் பங்குச் சந்தையில் என்ன நடந்தது என்று அந்த உலகம் தெரிந்த நண்பர் ஃபெதோவிடம் கேட்டார். 1848 ஜூன் மாதம் ஃபோந்தேன்ப்ளோவிலிருந்து பாரீஸுக்குத் தன் பாத்திரங்களை ரயிலில் வரவைத்து எழுதி முடித்த பிறகு, சந்தேகம் வந்து விசாரித்தால், அந்த வருடம் அந்தப் பாதையில் ரயிலே கிடையாது. இரண்டு பகுதிகளை இடித்துக் கட்ட வேண்டும் என்று 1868இல் நண்பர் ஜூல் துப்ளானிடம் புலம்பி, அப்போது என்ன வண்டிகள் ஓடின என்று கேட்கிறார். எந்த வாசகரும் கவனித்திருக்க மாட்டார். அவருக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசி நாவலுக்காக 1877இல் நார்மண்டிக் கடலோரக் குன்றுகளைப் பற்றி இளம் எழுத்தாளர் மாப்பசானிடம் கேட்டார். மாப்பசான் அந்தக் கரையிலேயே வளர்ந்தவர். எத்ரெத்தாவைச் சுற்றிப் பாறை எப்படி வளைகிறது, எங்கே இறங்க வழி இருக்கிறது என்று படம் வரைந்து நீளமாகப் பதில் போட்டார். மேலே சொன்ன 'எளிய உள்ளம்' கதையில் வரும் கிளிக்காக ரூவான் அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்த கிளி ஒன்றை இரவல் வாங்கி வந்து மேசையில் வைத்திருந்ததும் 1876 கடிதம் ஒன்றிலிருந்துதான் நமக்குத் தெரியும்.

இலக்கியம் சரி. சாப்பாடு, பணம், உடம்பு பத்தியெல்லாம் எழுதியிருக்காரா?

நிறைய. 1879 கடைசியில் துர்கனேவ் ஒரு பெட்டியில் சால்மன் மீனும் கேவியரும் (உப்பிட்ட மீன் முட்டை) அனுப்பினார். மீன் பிரமாதம், ஆனால் கேவியர் என்னை ஆனந்தத்தில் கத்த வைக்கிறது என்று பதில். ரொட்டிகூட இல்லாமல், ஜாம் சாப்பிடுவது மாதிரி சாப்பிட்டாராம். இந்த மாதிரிச் சின்னக் கடிதங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுவேன். அந்த நேரத்தில் அவர் நிலைமை என்ன என்பது தெரிந்தால் அந்தக் கேவியரின் அருமை புரியும்.

தங்கை விட்டுப்போன அந்தக் குழந்தைதான் கரோலின். தாய்மாமனாக இவரே வளர்த்தார், பாடம் சொல்லிக் கொடுத்தார். கரோலினின் கணவர் கோமான்வீல் மர வியாபாரி. 1875இல் அவர் தொழில் நொடித்தது. திவால் அவமானம் வராமல் தடுக்க ஃப்ளோபேர் தொவில் ஊரில் இருந்த தன் பண்ணையை விற்றார். நிலையான வருமானமே அதோடு போயிற்று. க்ருவாசே வீடும் போய்விடுமோ என்ற பயம் அந்த ஆண்டுக் கடிதங்கள் முழுக்க இருக்கிறது. தன் சக்திக்கு உட்பட்டதானால் வீட்டை நானே வாங்கிக்கொள்கிறேன், நீ அங்கேயே இரு என்று சாண்ட் எழுதினார்.

1879 ஜனவரியில் பனியில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்தது. அதே ஆண்டு நண்பர்கள் பாடுபட்டு மசாரின் நூலகத்தில் ஆண்டுக்கு 3,000 ஃபிராங்க் வரும்படி ஒரு பெயரளவு வேலை வாங்கிக் கொடுத்தார்கள். அரசாங்கக் காசு வாங்குவதா என்று கூசி, தயங்கி, கடைசியில் ஒத்துக்கொள்கிறார். வாழ்நாள் முழுக்கப் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிராத மனிதர், ஐம்பது வயதுக்கு மேல் விறகுக்கும் வாடகைக்கும் கணக்குப் போடுவதைக் கரோலினுக்கு எழுதிய கடிதங்களில் பார்க்கிறோம். படிக்கக் கஷ்டமாக இருக்கும். அவருடைய கடைசி நாவல் முடியாமல் போனதற்கு இந்தக் கவலைகளுக்கும் பங்கு உண்டு.

லூயிஸ் எழுதின பதில் கடிதங்கள் எங்கே? ஏன் ஒரு பக்கம் மட்டும் கிடைக்குது?

லூயிஸ் இவருடைய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். இவரிடம் இருந்த லூயிஸின் கடிதங்களில் ஒரு சிலதான் மிஞ்சின. வாழ்க்கையின் கடைசிப் பகுதியில், க்ருவாசேயில் ஓர் இரவு ஃப்ளோபேர் பழைய கடிதங்களை நெருப்பில் போட்டதைக் கூடவே இருந்து பார்த்ததாக மாப்பசான் பின்னாளில் எழுதினார். லூயிஸின் கடிதங்கள் அதில் போயினவா, பிறகு குடும்பத்தார் அழித்தார்களா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. இளமைக்காலக் கடிதங்களை அழித்துவிடலாம் என்று து காமும் இவரும் 1877இல் பேசி வைத்துக்கொண்டதும் உண்டு.

இதே மனிதர்தான் 1870இல் பிரஷ்யப் படை நார்மண்டிக்குள் வந்தபோது ஒரு பெரிய பெட்டி நிறையக் கடிதங்களை மண்ணுக்குள் புதைத்துவிட்டு வீட்டை விட்டுப் போனார். வீரர்கள் வீட்டில் தங்கிப் போனார்கள், பெட்டி தப்பியது. எதிரியிடமிருந்து காப்பாற்றினார், தன் கையாலேயே எரிக்கவும் செய்தார்.

ஒரு பக்கத்தை மட்டும் படிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. லூயிஸ் நச்சரிக்கும் பெண்ணாகவே தெரிவார். அவருடைய நாட்குறிப்புகள் மிஞ்சியிருக்கின்றன, அவற்றைச் சேர்த்துப் படித்தால் காத்திருந்த ஒரு பெண்ணின் கணக்கும் தெரியும். 1855 மார்ச் 6 அன்று ஃப்ளோபேர் அனுப்பிய கடைசிச் சீட்டில், நேற்று மூன்று முறை வந்தீர்களாம், நான் இல்லை, இனியும் எப்போதும் இருக்கமாட்டேன் என்று இருக்கிறது. அதன் மேலேயே லூயிஸ் கோழை, கயவன் என்று எழுதி வைத்தார். அந்தச் சீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் லூயிஸ் பக்கம்தான்.

தங்கை மகள் கடிதங்களைத் திருத்தி அச்சடிச்சாங்களாமே? அப்ப எந்தப் பதிப்பை நம்பறது?

சாண்டுக்கு எழுதியவை 1884இல் மாப்பசானின் முன்னுரையோடு வந்தன. 1887 முதல் 1893 வரை நான்கு தொகுதிகளைக் கரோலின் வெளியிட்டார். மாமா பேசிய பச்சையான வார்த்தைகளை வெட்டினார், சிலரைப் பற்றிய பேச்சை நீக்கினார். உயிரோடு இருந்தவர்கள் மனம் புண்படும் என்ற பயமும், குடும்ப கௌரவமும் காரணம். கோபப்படலாம், ஆனால் அவர் பாதுகாக்காமல் போயிருந்தால் பாதி நமக்கு வந்தே இருக்காது.

இன்று நம்பவேண்டியது கலிமார் பதிப்பகத்தின் ப்ளேயாத் வரிசையில் 1973 முதல் 2007 வரை ஐந்து தொகுதிகளாக வந்த பதிப்பு. ஜான் ப்ருனோ தொடங்கினார். அவர் மறைந்த பின் இவான் லெக்லேர் முடித்தார். ரூவான் பல்கலைக்கழகம் எல்லாக் கடிதங்களையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 'நள்ளிரவு' என்று மட்டும் தலையில் போட்ட கடிதங்களுக்குத் தேதி கண்டுபிடித்தது இவர்களைப் போன்றவர்களின் உழைப்பு. தபால் முத்திரை, நாவலில் எந்தக் காட்சியைச் சொல்கிறார், அன்றைய பத்திரிகைச் செய்தி என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு பிரெஞ்சு தெரியாது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஆங்கிலத்தில் ஃபிரான்சிஸ் ஸ்டீக்முல்லர் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்த இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. இடையிடையே அவர் தரும் குறிப்புகளே ஒரு வாழ்க்கை வரலாறு மாதிரி போகும். சாண்ட், ஃப்ளோபேர் கடிதங்கள் தனி நூலாகவும் உண்டு.

1852, 1853 இரண்டு ஆண்டுகளில் தொடங்குங்கள். வரிசையாகப் படியுங்கள், மேற்கோள் தேடிப் புரட்டாதீர்கள். பல் வலிக்கும் ஆலங்கட்டி மழைக்கும் நடுவில்தான் அந்தப் பெரிய வரிகள் வந்து விழுகின்றன. அப்படியே படித்தால்தான் ருசி.

அம்மாவுக்கு ஒரு மாதிரி, நண்பனுக்கு ஒரு மாதிரி எழுதறாரே. இதுல எதை உண்மைன்னு எடுத்துக்கறது?

எகிப்துக் கடிதங்களைப் படித்தவர்கள் கேட்பது இது. 1850இல் நைல் நதியில் படகில் போய்க்கொண்டே அம்மாவுக்கு எழுதுகிறார். உடம்பு நன்றாக இருக்கிறது, வெயில் அழகு, உங்களை நினைக்கிறேன். அதே நாட்களில் கவிஞ நண்பர் லூயி பூய்யேவுக்கு எழுதும்போது எஸ்னாவில் குச்சுக் ஹானேம் என்ற நடனப் பெண்ணோடு கழித்த இரவைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்கிறார். அம்மாவிடம் பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மகளைப் பறிகொடுத்து, மகனும் தூரதேசத்தில் இருக்கும்போது கவலையில் உருகிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு வேண்டியதை எழுதினார்.

இதைவிடக் கஷ்டமான உதாரணம் 1857 ஜனவரி. 'மதாம் பொவாரி' ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று வழக்கு. கடிதங்களில் ஆயுள் முழுக்க ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிழித்தவர், அண்ணன் அஷீலுக்கு அவசரமாக எழுதுகிறார். ரூவானில் நாம் வேரூன்றிய ஒரு பெரிய குடும்பம் என்பதை உள்துறை அமைச்சகத்துக்குத் தெரியவை, நம்மைத் தொட்டால் பலரைப் புண்படுத்தியதாகும் என்று புரியவை என்கிறார். பிப்ரவரி 7 அன்று விடுதலையானார். அடுத்த மாதம், முன்பு சொன்ன வாசகிக்குக் கலையைப் பற்றி உயர்வாக எழுதுகிறார்.

இரண்டுமே அவர்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கடிதத்தையும் திறக்கும்போது, யாருக்கு எழுதுகிறார், அவர்களிடம் அப்போது அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று பாருங்கள். தேதியையும் பாருங்கள். எகிப்து வருடத்தைப் படிக்கும்போது அம்மாவுக்குப் போனதையும் பூய்யேவுக்குப் போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 1857ஐப் படிக்கும்போது அண்ணனுக்கு எழுதியதைத் தாண்டிப் போகாதீர்கள்.